டைனகோ ஸ்டீரியோ 70 ஆம்ப்ளிஃபயர்: மாற்று பவர் வால்வுகளில் எதை வாங்குவது?

டைனகோ ஸ்டீரியோ 70 வைத்திருப்பவர் எவரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் நான்கு பவர் வால்வுகளை, அதாவது ஸ்பீக்கரை இயக்கும் திறனைத் தரும் கண்ணாடி வெற்றிடக் குழாய்களை, மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போது விற்பனைப் பட்டியலைத் திறந்தால் முல்லார்ட், ஜெனலெக்ஸ், எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், ஜேஜே என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். விலைகளும் ஏறுக்கு மாறாக இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் இனிமை, ஆழம், தெளிவு என்ற சொற்கள் இருக்குமே தவிர, வாங்குபவருக்கு உண்மையில் தேவையான ஓர் எண்கூடப் பெரும்பாலும் இராது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செலவு செய்ய முடிந்தவர்களுக்கு ஜெனலெக்ஸ் கோல்டு லயன் கேடி 77, அளவாகச் செலவிட விரும்புகிறவர்களுக்கு ஜேஜே இஎல் 34. ஆனால் இந்த இரண்டுக்கும் இடையே காதில் படும் வேறுபாட்டைவிட, பொருத்தம் பார்த்து (ஒரே அளவு மின்னோட்டம் இழுப்பவையாகத் தேர்ந்து), பயஸ் (அந்த மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் எதிர் வோல்ட்டேஜ்) சரியாக வைத்த நான்கு வால்வுகளுக்கும் அப்படிச் செய்யாத நான்கு வால்வுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரியது. ஆகவே இந்த மதிப்புரையில் பாதி வால்வுகளைப் பற்றியும் பாதி அவற்றை ஏற்கப்போகும் பெட்டியைப் பற்றியும் இருக்கும்.

ஸ்டீரியோ 70, டேவிட் ஹாஃப்லரும் எட் லாரண்டும் சேர்ந்து பிலடெல்பியாவில் தொடங்கிய டைனகோ நிறுவனம் 1959இல் வெளியிட்ட ஆம்ப்ளிஃபயர். வாங்கியவரே வீட்டில் கோத்துக்கொள்ளும் கிட்டாக அது பெருமளவில் விற்றது. சேனலுக்கு 35 வாட் தரும் இந்தப் பெட்டியில் இஎல் 34 பவர் வால்வுகள் நான்கு, அவற்றை இயக்கும் 7199 வால்வுகள் இரண்டு, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ஜிஇசட் 34 ரெக்டிஃபயர் ஒன்று என்று ஏழு வால்வுகள் மட்டுமே உள்ளன. ஹாஃப்லர், ஹெர்பர்ட் கீரோஸுடன் சேர்ந்து 1951இல் எழுதிப் பரப்பிய அல்ட்ராலீனியர் முறையில்தான் இதன் அவுட்புட் பகுதி அமைந்திருக்கிறது. வால்வுக்குள் சூடான கேத்தோடிலிருந்து பிளேட் என்ற தகட்டுக்கு எலக்ட்ரான்கள் பாயும், நடுவே உள்ள கிரிட் என்ற கம்பிச் சுற்றுகள் அந்த ஓட்டத்தை ஆளும். இந்த முறையில், அவற்றுள் ஒன்றான ஸ்கிரீன் கிரிட், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றில் இடையே எடுத்த ஓர் இணைப்பில் சேர்க்கப்பட்டிருக்கும். அதனால் ஸ்கிரீனும் ஏறக்குறைய பிளேட்டுக்கு உரிய வோல்ட்டேஜிலேயே நிற்கும். வால்வு தேர்வில் இது முக்கியமான செய்தி. இஎல் 34இன் ஸ்கிரீன் தாங்கக்கூடிய வெப்பம் 8 வாட் மட்டுமே. கிரிட் கம்பிகள் நேர்த்தியாகச் சுற்றப்படாத ஒரு வால்வு, வேறு ஆம்ப்ளிஃபயரில் ஒழுங்காக ஓடினாலும், இங்கே ஸ்கிரீன் சூடேறி விரைவில் தளர்ந்துவிடக்கூடும்.

அடுத்தது பயஸ். இந்த ஆம்ப்ளிஃபயரில் ஒரு சேனலின் இரண்டு வால்வுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு பயஸ் திருகும், இரண்டு கேத்தோடுகளுக்கும் பொதுவாக ஒரே ஒரு 15.6 ஓம் ரெசிஸ்டரும் உள்ளன. மீட்டரை அந்த ரெசிஸ்டரின் குறுக்கே வைத்து 1.56 வோல்ட் வரும்வரை திருகவேண்டும் என்பது டைனகோவின் அறிவுரை. கணக்குப் பார்த்தால் அது 100 மில்லி ஆம்பியர், அதாவது வால்வுக்கு 50. ஆனால் மீட்டர் காட்டுவது இரண்டின் கூட்டுத்தொகையை மட்டுமே. ஒரு வால்வு 65 மில்லி ஆம்பியரும் மற்றொன்று 35 மில்லி ஆம்பியரும் இழுத்தால்கூட மீட்டரில் அதே 1.56 வோல்ட்தான் தெரியும். முதல் வால்வு அளவுக்கு மீறிக் காய்ந்துகொண்டிருக்கும், இரண்டாவது அரைகுறையாக உழைக்கும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்குள் ஒருபக்க நேர்மின்னோட்டம் தங்கிக் கீழ் சுரங்களைக் கலக்கும். ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனித் திருகு உள்ள ஆம்ப்ளிஃபயரில் பொருத்தம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சரிசெய்துகொள்ளலாம். ஸ்டீரியோ 70இல் அந்த வசதி கிடையாது. ஆகையால் இந்தப் பெட்டிக்குப் பொருத்தம் பார்த்த வால்வுகள் கட்டாயத் தேவை.

இந்தக் குறையைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. பொதுவான 15.6 ஓம் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கேத்தோடுக்கும் தனித்தனியாக ஒரு 10 ஓம் ரெசிஸ்டரை வைத்துக்கொள்ளலாம். அதன்பின் 0.40 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர் என்று ஒவ்வொரு வால்வின் போக்கும் தனியாகத் தெரியும். மிகச் சிறிய செலவில் முடியும் இந்த மாற்றத்தை, புது வால்வுகளை வரவழைப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். பெட்டிக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்பதாலும், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கண்டென்சர்களில் அது சிறிது நேரம் தங்கியிருக்கும் என்பதாலும், பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த டெக்னீஷியன் ஒருவரிடம் கொடுத்துச் செய்துகொள்வதே முறை.

1.56 வோல்ட் என்ற அந்தப் பழைய எண்ணை நான் பின்பற்றுவதில்லை. அது அமெரிக்காவின் 117 வோல்ட் மின்சாரத்துக்காக எழுதப்பட்ட எண். இன்று அங்கே சுவரிலிருந்து வருவது 120 வோல்ட்டுக்கு மேல். சுவரில் 123 வோல்ட் இருந்தால் பிளேட் வோல்ட்டேஜ் 415இலிருந்து 435ஐ ஒட்டி ஏறிவிடும், 6.3 வோல்ட் இருக்கவேண்டிய, கேத்தோடைச் சூடாக்கும் ஹீட்டரும் 6.6ஐத் தொடும். இந்த நிலையில் வால்வுக்கு 50 மில்லி ஆம்பியர் ஓடினால், ஸ்கிரீனுக்குப் போகும் பங்கைக் கழித்த பிறகும் பிளேட்டில் 19 வாட் அளவுக்கு வெப்பம் எழும். இஎல் 34இன் உச்சவரம்பு 25 வாட் என்பதால் இது தவறென்று சொல்ல முடியாது. இருந்தாலும் வால்வின் ஆயுளும், இயல்பிலேயே சூடாக ஓடும் அந்தப் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் ஆயுளும் இதில் வீணாகத் தேய்கின்றன. வால்வுக்கு 40 மில்லி ஆம்பியர், அதாவது பழைய பொது ரெசிஸ்டரில் 1.25 வோல்ட், என்று வைத்தால் வெப்பம் 16 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஒலியில் நான் எதையும் இழக்கவில்லை. கீழே சொல்லும் வால்வுகள் எல்லாவற்றையும் இந்த அளவிலேயே வைத்துக் கேட்டேன்.

230 வோல்ட் மின்சாரம் உள்ள ஊர்களில் இதை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓட்டுகிறவர்கள் எதிர்த்திசையில் கவனமாக இருக்க வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைப்பது 110 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர். அதில் 117 வோல்ட்டுக்கான இந்தப் பெட்டியை மாட்டினால் ஹீட்டருக்கு 6 வோல்ட்கூடக் கிடைக்காது. கேத்தோடு போதிய சூடின்றி இழுத்துப் பிடித்து உழைக்கும், புது வால்வும் களைத்த வால்வைப் போலக் கேட்கும். முதலில் ஹீட்டர் முனைகளில் மீட்டர் வைத்து 6.3 வோல்ட்டை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு வால்வைப் பற்றிய தீர்ப்பைச் சொல்லலாம். மாலையில் மின்சாரம் இறங்கி நள்ளிரவில் ஏறும் தெருக்களில், ஏறியிருக்கும் நேரத்தில் பயஸ் வைப்பதே பாதுகாப்பு.

பழைய வால்வு கெட்டுப்போனதால்தான் புதியது வாங்குகிறீர்கள் என்றால், அது ஏன் கெட்டது என்பதற்கு விடை கிடைக்கும்வரை புதிய வால்வைச் சாக்கெட்டில் ஏற்றாதீர்கள். பிளேட் சிவப்பது எப்படி இருக்கும் என்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், சாம்பல் நிறப் பிளேட்டின் நடுப்பகுதியில், தகடுகள் இணையும் மடிப்பை ஒட்டி, முதலில் மங்கிய செம்மண் நிறத்தில் ஒரு திட்டு தோன்றும். சில நொடிகளில் அது செங்கல் சிவப்பாகிப் பக்கவாட்டில் பரவும். கேத்தோடின் ஆரஞ்சு ஒளி மேலும் கீழும் இடுக்கு வழியே தெரிவது இயல்பு, பிளேட்டின் தகடே ஒளிர்வது இயல்பல்ல. உடனே மின்சாரத்தை நிறுத்தவேண்டும். இப்படிச் சிவப்பதற்குப் பெரும்பாலும் வால்வைவிடப் பெட்டிக்குள் இருக்கும் வேறு பொருள்களே காரணம். 7199க்கும் பவர் வால்வுக்கும் நடுவே இருக்கும் 0.1 மைக்ரோஃபாரட் கப்ளிங் கண்டென்சர் (ஒலியை மட்டும் கடத்தி நேர்மின்சாரத்தைத் தடுப்பது) கசிந்தால், பவர் வால்வின் கிரிட்டுக்கு நேர் வோல்ட்டேஜ் ஏறிவிடும். பயஸ் மின்சாரத்தைத் தயாரிக்கும் பழைய செலினியம் ரெக்டிஃபயர் தளர்ந்தால், கிரிட்டுக்குப் போகும் எதிர் வோல்ட்டேஜ் குறைந்து எல்லா வால்வுகளும் ஒருசேரக் காயும். செலினியத்துக்குப் பதில் ஒரு சாதாரண சிலிக்கான் டயோடும், அதையடுத்துப் புதிய இரண்டு கண்டென்சர்களும் வைத்துவிட்டால் இந்தக் கவலை நெடுநாளைக்கு இல்லை. சாக்கெட்டின் உட்கம்பிகள் தளர்ந்திருந்தாலும் இதே விபரீதம் நேரும், ஏனெனில் கிரிட் முள்ளில் தொடர்பு விட்டுப்போனால் பயஸே போய்ச் சேராது.

இனி சந்தைக்கு வருவோம். இன்று புதிதாகக் கிடைக்கும் இஎல் 34 வகை வால்வுகளில் பெரும்பாலானவை விரல்விட்டு எண்ணக்கூடிய தொழிற்சாலைகளிலிருந்து வருபவையே. ரஷ்யாவின் சரட்டோவில் நியூ சென்சார் நிறுவனத்துக்குச் சொந்தமான ஆலை, ஸ்லோவாக்கியாவின் சாட்ஸா நகரில் ஜேஜே எலக்ட்ரானிக், சீனாவின் சாங்ஷாவில் வளர்ந்த ஷுகுவாங், ஸ்வேன் போன்ற பெயர்கள் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், சோவ்டெக், டங்-சால், முல்லார்ட், ஜெனலெக்ஸ் கோல்டு லயன் என்று ஐந்து பெயர்களில் விற்பவை எல்லாம் அந்த ஒரே சரட்டோவ் ஆலையில் பிறந்தவை. முல்லார்ட் என்று இன்று அச்சிட்ட பெட்டியில் வரும் வால்வுக்கும், இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் ஒரு காலத்தில் செய்யப்பட்ட முல்லார்ட் வால்வுக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்ச்சி இல்லை. பெயருக்கான உரிமையை நியூ சென்சார் வாங்கியது, அவ்வளவே. இதனால் அந்த வால்வுகள் மட்டமானவை என்று ஆகிவிடாது. ஒரே ஆலையில் செய்தாலும் உள்ளமைப்பு வேறு, தேர்வும் வேறு. ஆனால் அறுபது ஆண்டுப் புகழை நம்பி அதற்கான விலையைக் கொடுப்பவர், தாம் எதற்குக் கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுக்க வேண்டும். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதித் தடைகளை அறிவித்தபோது இந்த ஐந்து பெயர்களும் ஒருசேர ஆட்டம் கண்டதை நினைவில் வைத்தால், பெயர்ப் பன்மைக்குப் பின்னே இருக்கும் ஒருமை நன்றாகப் புரியும்.

கேட்டுப் பார்த்த முறை இதுதான். ஸ்பீக்கர் முனைகளில் ஒரே வோல்ட்டேஜ் வரும்படி ஒலி அளவைச் சமப்படுத்திக்கொண்டு, ஒவ்வொரு தொகுதியையும் சிலநாள் ஓடவிட்டு, பயஸை மறுபடி சரிபார்த்த பிறகே ஒப்பிட்டேன். மிருதங்கம், தவில், நாகஸ்வரம், வீணை, தம்புரா, பெண்குரல் ஆகிய எனக்கு நன்றாகப் பழகிய ஒலிகளையே அளவுகோலாகக் கொண்டேன். கச்சேரி மேடையில் எப்படி ஒலிக்கும் என்று தெரிந்த வாத்தியத்தைக் கேட்கும்போதுதான் காது பொய் சொல்லாது.

ஜேஜே இஎல் 34 கனமான கண்ணாடியும் உறுதியான கட்டும் கொண்டது. ஒலியில் நடுச்சுரங்களுக்குச் சதைப்பிடிப்பு அதிகம். வீணையின் கமகங்களில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு நழுவும் இழைவு அறுபடாமல் வருகிறது, பெண்குரல் நிறைவாக நிற்கிறது. மேல் சுரங்களில் மட்டும் சற்று அடக்கம். ஜால்ராவின் ஒலி பிறந்த இடத்திலேயே சீக்கிரம் அடங்கிவிடுவது போலத் தோன்றுகிறது. கூர்மையான ட்வீட்டர் உள்ள ஸ்பீக்கர்களுக்கு இது வரம், ஏற்கெனவே மந்தமான ஸ்பீக்கர்களுக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன். அதே நிறுவனத்தின் இ34எல் வகை இதைவிடக் கூடுதலான எதிர் பயஸ் கேட்கும். ஸ்டீரியோ 70இன் பயஸ் திருகு அந்த எல்லைவரை போகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் இஎல் 34 இதற்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. அடிச்சுரம் இறுக்கமாகவும் அளவாகவும் இருக்கிறது, தவிலின் வலந்தலை அடி ஒவ்வொன்றும் விளிம்புடன் வந்து விழுகிறது. ஆனால் நாகஸ்வரத்தின் உச்சஸ்தாயியில், நெடுநேரம் கேட்டால் காது கொஞ்சம் களைக்கிறது. மரச்சாமான்களும் திரைச்சீலைகளும் நிறைந்த அறையில் இந்தக் குறை தெரியாமல் போகலாம். வெறும் சுவரும் தரையும் உள்ள அறையில் தெரியும். புதிய முல்லார்ட் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. குரலைச் சற்று முன்னே கொண்டுவந்து நிறுத்தும், மற்றவற்றைப் பின்னே வைக்கும். பழைய திரைப்பாடல்களையே அதிகம் கேட்பவருக்கு அது பிடித்துப்போகும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கச்சேரிப் பதிவுகளில் பக்கவாத்தியங்களுக்கும் உரிய இடம் வேண்டும் என்று எதிர்பார்க்கும் எனக்கு அது போதவில்லை.

கேடி 77 வேறு இனம். இஎல் 34 ஒரு பென்டோடு, அதாவது மூன்று கிரிட் உள்ள வால்வு. கேடி 77, அதற்கு மாற்றாக ஓடும்படி லண்டனின் எம்-ஓ வால்வ் நிறுவனம் ஜிஇசி பெயரில் செய்த பீம் டெட்ரோடு. பென்டோடில் உள்ள மூன்றாவது கிரிட்டுக்குப் பதிலாக இதில் எலக்ட்ரான்களை நெறிப்படுத்தும் தகடுகள் இருக்கும். ஸ்டீரியோ 70இன் சாக்கெட்டில் எட்டாம் முள்ளும் முதல் முள்ளும் ஏற்கெனவே சேர்த்தே கட்டப்பட்டிருப்பதால், கம்பி எதையும் மாற்றாமல் இஎல் 34ஐ எடுத்துவிட்டு இதை வைக்கலாம். பயஸை மட்டும் மறுபடி வைக்கவேண்டும். சரட்டோவில் செய்யும் கோல்டு லயன் கேடி 77ஐ ஏற்றிய அன்றே தெரிந்த வேறுபாடு மிருதங்கத்தில்தான். தொப்பியின் கும்காரம், அடித்த இடத்திலிருந்து மேலெழும்பி வளைந்து அடங்கும்வரை, ஒரு கனத்த சத்தமாகக் கலங்காமல் சுருதியோடு கேட்டது. இதே ஆம்ப்ளிஃபயரில் இஎல் 34 வகை எதுவும் அந்த வளைவை இவ்வளவு முழுமையாகக் காட்டவில்லை. தம்புராவின் நான்கு தந்திகளும் ஒன்றன்மேல் ஒன்று படரும் இடத்தில் மேல் சுரங்கள் நீண்டு கரைகின்றன, ஆனால் எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸில் தெரிந்த கூர்மை இங்கே இல்லை. ஜேஜே கேடி 77 விலையில் குறைந்தது. இதே குணத்தின் பெரும்பகுதியைத் தருகிறது, குரலின் நெருக்கத்தில் மட்டும் ஒரு படி கீழே நிற்கிறது. அடுத்த முறை மாற்றும்போதும் நான் கோல்டு லயனையே வாங்குவேன்.

சாக்கெட்டில் ஏறுகிறது என்பதற்காகப் பெரிய வால்வுகளை ஏற்றிப் பார்க்கும் ஆசை பலருக்கு உண்டு. கேடி 88, 6550 இரண்டும் ஹீட்டருக்கு 1.6 ஆம்பியர் கேட்கும், கேடி 120 கிட்டத்தட்ட 2 ஆம்பியர் வரை போகும். இஎல் 34 கேட்பது 1.5. நான்கு இஎல் 34களும் இரண்டு 7199களும் சேர்ந்தே ஏழு ஆம்பியரை ஒட்டி இழுக்கின்றன. முன்புறச் சாக்கெட்டிலிருந்து பிரீஆம்ப்ளிஃபயருக்கும் மின்சாரம் எடுத்தால் சுமை இன்னும் கூடும். அசல் டிரான்ஸ்ஃபார்மர் கை வைக்க முடியாத சூட்டில்தான் சாதாரணமாகவே ஓடுகிறது. பெரிய வால்வு போட்டாலும் அதே டிரான்ஸ்ஃபார்மரும் அதே பிளேட் வோல்ட்டேஜும் இருக்கும்வரை கூடுதல் வாட் கிடைக்கப் போவதில்லை. கிடைப்பது வெப்பம் மட்டுமே. இந்த ஆசைக்கு நான் உடன்படவில்லை. டிரான்ஸ்ஃபார்மரையே மாற்றிக் கட்டியவர்கள் தாராளமாகச் செய்யட்டும்.

பழைய சரக்கைப் பற்றியும் கேட்பார்கள். பிளாக்பர்னில் செய்த முல்லார்ட் இஎல் 34இன் அடிக்கண்ணாடியில் சிறிய எழுத்துகளில் "எக்ஸ்எஃப் 1", "எக்ஸ்எஃப் 2" என்பது போன்ற குறி இருக்கும். அதன் அடுத்த வரியில் ஆலையைச் சொல்லும் "பி" எழுத்தும், ஆண்டின் கடைசி இலக்கமும், மாதத்தைச் சொல்லும் ஓர் எழுத்தும், வாரத்தைச் சொல்லும் ஓர் எண்ணும் வரும். பெயர் அச்சு எளிதில் அழியும், எளிதில் போலியாகவும் அடிக்கப்படும். இந்தக் குறியைப் பார்க்காமல் பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. கிழக்கு ஜெர்மனியின் ஆர்எஃப்டி செய்த வால்வுகள் சீமென்ஸ் போன்ற வேறு பெயர்களிலும் விற்றன. அவை நல்ல வால்வுகளே, முல்லார்ட் விலை கொடுத்து வாங்கத்தான் கூடாது. உண்மையான பிளாக்பர்ன் வால்வுகள் நன்றாக ஒலிக்கும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பொருத்தமான நான்கு சேர்ந்து கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை ஆம்ப்ளிஃபயரின் விலையையே எட்டிவிடுகிறது. இங்கே பழைய வானொலிக் கடைகளில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த இஎல் 84 கண்ணில் பட்டால், எண் நெருக்கமாக இருக்கிறதே என்று இதற்காக வாங்கிவிட வேண்டாம். அது ஒன்பது முள் கொண்ட சிறிய வால்வு, இந்த எட்டு முள் சாக்கெட்டில் ஏறவே ஏறாது.

எங்கே வாங்குவது என்பது எதை வாங்குவது என்பதைவிடக் கடினமான கேள்வி. பொருத்தம் பார்த்தது என்று பெட்டியில் ஒட்டியிருப்பதால் மட்டும் பொருத்தம் வந்துவிடாது. ஒரு விற்பனையாளரிடமிருந்து எனக்கு வந்த நான்கு வால்வுகளின் பெட்டிகளிலும் ஒரே எண் அழகாக எழுதி ஒட்டப்பட்டிருந்தது. 10 ஓம் ரெசிஸ்டர்களில் அளந்தபோது ஒன்று மற்றவற்றைவிட மிக அதிகமாக இழுத்தது. திருப்பி அனுப்பி மாற்று வாங்குவதற்குள் பட்ட அலைச்சலுக்குப் பிறகு, வாங்கும் முன் விற்பவரிடம் மூன்று செய்திகளைக் கேட்டுத் தெளிவது வழக்கமாகிவிட்டது. எந்தப் பிளேட் வோல்ட்டேஜில் அளந்தார்கள், அளப்பதற்கு முன் ஒரு நாளாவது எரியவிட்டார்களா, மின்னோட்டத்தோடு டிரான்ஸ்கண்டக்டன்ஸும் (கிரிட் வோல்ட்டேஜ் மாறும்போது மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) அளந்தார்களா என்பவை அவை. 250 வோல்ட்டில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு வால்வுகள் 430 வோல்ட்டில் வெவ்வேறு வழியில் போகலாம். 400 வோல்ட்டை ஒட்டி அளந்து, இரண்டு மூன்று மில்லி ஆம்பியருக்குள் பொருத்தம் தந்து, அந்த எண்களை எழுதியும் தருகிற கடைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். எரியவிடாத புது வால்வின் மின்னோட்டம் முதல் சில மணி நேரத்தில் நகரும் என்பதால், அதற்கு முன் பார்த்த பொருத்தத்துக்கு மதிப்பில்லை.

பெட்டி வந்ததும் வால்வைக் கண்ணாடியில் பிடிக்காமல் அடிக்கட்டையில் பிடித்து எடுத்து, உச்சியில் உள்ள வெள்ளிப் பூச்சைப் பாருங்கள். அது கண்ணாடிபோல் பளபளவென்று இருக்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அதைச் சாக்கெட்டில் வைக்கவே கூடாது. எட்டு முள்களுக்கு நடுவே நிற்கும் வழிகாட்டித் தண்டு உடைந்திருந்தாலும் ஏற்க வேண்டாம். தண்டு இல்லாத வால்வைக் கோணம் மாற்றிச் செருகினால் கிரிட்டுக்குப் போகவேண்டிய இடத்தில் 400 வோல்ட் போய்விடும். ஓடத் தொடங்கியதும் கண்ணாடியின் உட்புறத்தில் நீல நிறப் படலம் படிந்து பாட்டுக்கேற்ப அசைந்தால் அஞ்ச வேண்டியதில்லை, அது கண்ணாடியில் எலக்ட்ரான் படுவதால் வருவது. பிளேட்டுக்குள்ளே வெங்காயத் தோல் நிறத்தில் புகைபோல் நிறைந்தால் மட்டும் அது வாயு, அந்த வால்வு முடிந்தது.

பவர் வால்வுகளோடு சேர்த்து ரெக்டிஃபயரையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஜிஇசட் 34 மெதுவாகச் சூடேறிய பிறகே உயர் வோல்ட்டேஜைத் தரும், அதனால் பவர் வால்வுகளின் கேத்தோடு தயாராவதற்கு அவகாசம் கிடைக்கிறது. புதிய தயாரிப்புகள் பழைய பிலிப்ஸ், முல்லார்ட் ரெக்டிஃபயர்கள் அளவுக்கு உறுதி இல்லாமல் சில நேரம் உள்ளே பொறி தட்டிக் கெடுகின்றன. ஒவ்வொரு பிளேட்டுக்கும் தொடராக ஒரு 1என்4007 டயோடைச் சேர்த்துவிட்டால், வால்வு எதிர்த்திசையில் பொறி தட்டினாலும் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து வராது. வால்வின் மெல்ல எழும் குணமும் அப்படியே இருக்கும்.

நன்றாகப் பயஸ் வைத்த நான்கு வால்வுகள் 2,000 மணி நேரத்துக்குக் குறையாமல் உழைக்கும் என்று எதிர்பார்க்கலாம். முதல் வாரத்தில் ஒருமுறையும், பிறகு மாதம் ஒருமுறையும் மீட்டர் வைத்துப் பார்த்து எண்ணைக் குறித்து வையுங்கள். திருகைக் கடைசிவரை திருப்பியும் 40 மில்லி ஆம்பியர் வராத நாளில், அல்லது ஒரு வால்வின் எண் மட்டும் மற்றவற்றை விட்டுத் தனியே விலகத் தொடங்கும் நாளில், அடுத்த தொகுதியை வரவழைக்கும் நேரம் வந்துவிட்டது. ஒரு வால்வு மட்டும் கெட்டால் அந்தச் சேனலின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், முதலிலேயே ஆறு வால்வுகளைப் பொருத்தம் பார்த்துத் தரச்சொல்லி இரண்டைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது, கோல்டு லயன் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு.